ஆனேபாளையா மேடு

நீலசந்திராவில் ஆண்ட்ரூவின் கடை முன்னால் அந்தச் சவ வண்டி வந்து நின்றபோது, அதன் நெற்றியில் இருந்த விளக்குப் பலகையில் ‘ஓம்’ மங்கலாகத் துடித்து அணைந்தது. அதே பலகையில் ஒரு சுவிட்சைத் தட்டினால் சிலுவை வரும், இன்னொன்றைத் தட்டினால் பிறை வரும். சொந்தக்காரர் ஆதிகேசவனுக்கு அதில் பெருமை அதிகம்.

“இது மூணாவது பேட்டரிப்பா. மாத்த மாத்தப் படுத்துக்குது,” என்றபடி டிரைவருக்குப் பக்கத்திலிருந்து இறங்கினார். “சாயங்காலம் ஒரு பெரிய எடம். வீடியோ, பேண்டு செட்டு எல்லாம் உண்டு. ஸ்வல்ப சீக்கிரம் பாரு.”

ஆண்ட்ரூ ஆட்டோ எலக்ட்ரீஷியன். அவரைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவருக்கு இவனைத் தெரியவில்லை. பிணத்தோடு வருகிறவர்களின் முகத்தை ஞாபகம் வைத்திருந்தால் அந்தத் தொழில் செய்ய முடியாது போலிருக்கிறது.

போன மழைக்காலத்தில் இதே வண்டி ஆண்ட்ரூவின் அப்பாவை ஓசூர் ரோட்டுக் கல்லறைக்கு ஏற்றிக்கொண்டு போனது. வீட்டு வாசலில் ஜெபம் முடியும்வரை சிலுவை எரிந்தது, மைக் பாடியது, ஐஸ் பெட்டி ஓடியது. ஆனேபாளையா மேட்டின் அடியில் வண்டி நின்றுவிட்டது. ஓட்டி வந்தவர் ஆதிகேசவன்தான்.

“நான் எலக்ட்ரீஷியன் சார். ஒரு நிமிஷம் திறந்து காட்டுங்க,” என்று ஆண்ட்ரூ கேட்டான்.

“என் வண்டில கை வெக்காத. ஆளுங்க இருக்கீங்கல்ல? தள்ளுங்க.”

சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனில் பேச ஆரம்பித்தார். அப்பாவைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பின்னால் பைக்குகள் ஹாரன் அடித்தன. அம்மா பவுலின் செருப்பு அறுந்து, மழையில் வெறுங்காலோடு நடந்தாள். யாரோ எடுத்த வீடியோ, பொழுது சாய்வதற்குள் சிரிக்கிற பொம்மைகளோடு ஏரியா முழுக்கச் சுற்றியது. ஆனேபாளையாவில் மீன் விற்கிறவள், “உன் வூட்டுக்காரரத் தள்ளினு போனீங்களாமே?” என்று கேட்டாள். அன்றிலிருந்து பவுலின் அந்தத் தெருவில் கால் வைக்கவில்லை. மீனும் வாங்கவில்லை.

ஆண்ட்ரூ கடையிலிருந்த வேறொரு பேட்டரியைக் கொடுத்து வண்டியை ஸ்டார்ட் செய்தான். மீட்டரை எடுத்தான். என்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரின் முதுகில் வைத்தால் பதினாலு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பேட்டரியில் வைத்தால் பன்னிரண்டரையைத் தாண்டவில்லை. ஆல்டர்னேட்டர் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. செய்த சார்ஜ் பேட்டரிக்குப் போய்ச் சேரவில்லை. தடிமனான வயரை விரலால் தடவிக்கொண்டே போனான். ஆல்டர்னேட்டரின் பின்னால் அது முடிகிற இடத்தில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. நட்டு விரலுக்கே சுற்றியது. உப்புத்தாளும் ஒரு ஸ்பேனரும் போதும்.

என்ஜினை அணைத்தான். கடை பேட்டரியைக் கழற்றி வண்டிக்குள் வைத்தான். கடைக்குள் போய் அம்மாவுக்குப் போன் செய்தான்.

“மா, கடைக்கு வா. அப்பாவக் கொண்டுபோன வண்டி வந்திருக்கு.”

பவுலின் உடனே கிளம்பினாள். வந்தாள், பின்கதவைத் திறந்தாள், பெட்டி வைக்கிற இடத்துக்குப் பக்கத்து பெஞ்சில் ஏறி உட்கார்ந்தாள்.

“யாருப்பா இந்தம்மா?”

“வெயிட்டுக்கு சார். லோடு வெச்சு ரோட்டுல பாத்தாத்தான் சார்ஜ் எங்க போவுதுன்னு தெரியும். சாவி திருப்பி செல்ஃப் அடிக்கக் கூடாது. தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும்.”

ஆதிகேசவன் தன் டிரைவரைப் பார்த்தார். “டேய் ராம்கி, தள்ளுடா.”

“ஒரு ஆளு பத்தாது சார்,” என்றான் ஆண்ட்ரூ, ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபடி.

ஆதிகேசவன் வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு தள்ளினார். கடைத்தெரு தாண்டியது. வண்டி உருண்டது, ஆனால் உறுமவில்லை. ராம்கி ஓடிவந்து ஜன்னலில் தலையை நீட்டினான்.

“அண்ணா, கியர் போட்டீங்களா?”

கியர் போடாமல் எவ்வளவு தள்ளினாலும் என்ஜின் பிடிக்காது. கியர் நியூட்ரலில் இருப்பதை ராம்கி பார்த்தான். ஆண்ட்ரூவின் முகத்தைப் பார்த்தான். பிறகு பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த முதலாளியைப் பார்த்தான்.

“இதோ புடிச்சுக்கும் ஓனரே! நல்லா அமுக்கித் தள்ளுங்க!” என்று கத்திக்கொண்டு திரும்பிப் போனவன், முன்னைவிட உற்சாகமாகத் தள்ளினான். அவனுக்கு ஈடு கொடுத்து ஆதிகேசவனும் தள்ள வேண்டியதாயிற்று.

ஆனேபாளையா மேடு ஆரம்பித்தது. பின்னால் ஆட்டோக்களும் பைக்குகளும் சேர்ந்துகொண்டு ஹாரன் அடித்தன. “ஏன் குரு, பொணமே எறங்கித் தள்ளுதா?” என்று ஒருவன் கேட்டுவிட்டுப் போனான். இரண்டு பேர் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். பாதி மேட்டில் ஆதிகேசவன் வண்டியைத் தட்டினார்.

“நிறுத்துப்பா. மூச்சு முட்டுது.”

ஆண்ட்ரூ ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். கண்ணாடியில் தெரிந்த அவர் முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது. போதும் என்று அவனுக்குத் தோன்றியது. இறங்கி நட்டை முறுக்கிவிடலாம் என்று கதவுப் பிடியில் கை வைத்தான்.

“கல்லறை கேட்டு இன்னும் வரல ஆண்ட்ரூ,” என்றாள் பின்னாலிருந்து பவுலின்.

குரல் உயரவில்லை. கடையில் காய் நிறுக்கச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். அவன் கையை எடுத்துக்கொண்டான்.

ஆதிகேசவன் வண்டியைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்தார். “யாரையாச்சும் கூப்பிடுப்பா. மேட்டுல எப்படித் தள்றது?”

“ஆளுங்க இருக்கீங்கல்ல? தள்ளுங்க.”

ஆண்ட்ரூ கண்ணாடியை ஏற்றினான்.

பாதியில் ஏறிக்கொண்டிருந்த கண்ணாடியையே ஆதிகேசவன் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பின்பக்கம் நடந்து, திறந்திருந்த கதவு வழியாக பெஞ்சில் இருந்தவளைப் பார்த்தார். பவுலின் அவரையே பார்த்தாள், கண்ணை எடுக்கவில்லை. சாயங்காலம் பெரிய இடம். நடுரோட்டில் வண்டி. அவர் குனிந்து இரண்டு கைகளையும் வண்டியில் வைத்தார்.

கல்லறை கேட் வரை தள்ளிக்கொண்டே போனார்கள்.

கேட்டில் ஆதிகேசவன் நடைபாதையில் சரிந்து உட்கார்ந்தார். ஆண்ட்ரூ இறங்கி, உப்புத்தாளை எடுத்துக் களிம்பைத் தேய்த்தான், வயரை உட்காரவைத்து நட்டை இறுக்கினான். கடை பேட்டரியைக் கொடுத்துச் சாவியைத் திருப்பினான். வண்டி ஸ்டார்ட் ஆனதும் கடை பேட்டரியைக் கழற்றிவிட்டு, மீட்டரை வண்டியின் பேட்டரியில் வைத்து அவருக்குத் தெரியும்படி பிடித்தான். பதினாலைத் தாண்டி நின்றது. பலகையில் சுவிட்சைத் தட்டினான். சிலுவை பளிச்சென்று எரிந்தது.

ஆதிகேசவன் அந்த நட்டையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இவ்ளோதானா?”

“அன்னிக்கும் இவ்ளோதான்.”

பவுலின் இறங்கினாள். “ஏறிக்கோ மா, வீட்ல விட்டுட்டுப் போறேன்,” என்றான் ஆண்ட்ரூ. வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, ஆனேபாளையா வழியாகவே நடந்தாள். மீன்காரியின் முன்னால் நின்று, கூடையில் இருந்ததை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, பேரம் பேசி, மத்தி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.