இன்ஜின் பழகும் இருபது நிமிடம்

பழைய காரின் இன்ஜினில் வால்வுகளைத் திறந்து மூடுவதற்காகப் புதிதாகப் போட்ட கேம்ஷாஃப்ட் ஒரே காலையில் செத்துப்போனது. மின்சார மீட்டர்காரர் அதைப் பழைய துண்டில் சுற்றி லேத் பட்டறைக்கு எடுத்துப் போனார். லேத்துக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்து, மேடுகள் ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். முட்டை முனைபோல் இருக்க வேண்டியவற்றில் மூன்று மழுங்கிப் போயிருந்தன.

"என்ன ஆயில் ஊத்துனீங்க?"

"கடையில இருந்ததுலேயே ஒசத்தியானது."

"அது இப்ப வர்ற வண்டிக்கு ஒசத்தி. புகைக்குழாய்ல புகையைச் சுத்தம் பண்ற சாதனத்தைக் கெடுக்குதுன்னு அதுல ஜிங்க்கைக் குறைச்சுட்டாங்க. உங்களுது பழைய இன்ஜின். கேமும் அது தள்ளுற டேப்பட்டும் நேருக்கு நேர் உரசும். சூட்டுல ஜிங்க்தான் நடுவுல ஒரு படலமா உக்காரும். உரசுனா படலம் தேயும், இரும்பு தப்பிச்சுக்கும்."

"அப்ப ஜிங்க்கைத் தனியா வாங்கி ரெண்டு பாட்டிலா ஊத்திடறேன்."

"உப்பு மாதிரிங்க அது. கூடினாலும் கெடுதல். ஒரு பாட்டில் போதும்." கேமைத் திரும்பத் துண்டில் வைத்தார். "ஸ்டார்ட் பண்ணதும் மெதுவா ஓட விட்டீங்களா?"

"ஒரு தண்ணி ஹோஸ் ஒழுகுச்சு. பாக்கலாம்னு இறங்கினேன்."

"கூட யார் இருந்தா?"

"யாருமில்ல."

லேத்துக்காரர் துண்டை முடிந்து அவரிடம் நீட்டினார். "முதல் இருபது நிமிஷம் இன்ஜின் வேகம் ரெண்டாயிரம் சுத்துக்குக் கீழே வரவே கூடாது. வந்தா கேமுக்கு எண்ணெய் தெறிக்காது. ஒருத்தர் ஆக்ஸிலேட்டரை மிதிக்கணும், ஒருத்தர் இன்ஜினைப் பாக்கணும். ஜிங்க் பாட்டில்ல கிடைக்கும். ஆளை நீங்கதான் தேடிக்கணும்."

ஆளைத் தேடுவது மீட்டர்காரருக்குப் புதிய வேலை. ஒரு நாளைக்கு நூற்றைம்பது வீட்டு வாசலில் நின்று மின்சார மீட்டரைப் பார்த்து எழுதுகிறவர் அவர். எந்த வீட்டு நாய் கடிக்கும், எது குரைப்பதோடு சரி என்பதெல்லாம் அத்துப்படி. எந்த வீட்டுக்குள்ளும் போய் உட்கார்ந்ததில்லை. மனைவி, மகளின் பிரசவத்துக்கென்று ஆறு மாதத்துக்கு மகள் வீட்டுக்குப் போனவள். மூன்று வருடம் ஆகிவிட்டது. சண்டை எதுவும் இல்லை. ஷெட்டில் நின்றுபோன காரைப் பிரித்து வேலையைத் தொடங்கியதுகூட, விடுமுறை நாட்கள் அவ்வளவு நீளமாக இருந்ததால்தான்.

முதலில் தம்பிக்குப் போன் செய்தார்.

"இருபது நிமிஷம்தானாண்ணே? வரலாம்தான், ஆனா இந்த வாரம் பிள்ளைக்குப் பரீட்சை. அடுத்த மாசம் பாப்போமே."

ஆபீசில் கேட்கலாமென்று நினைத்தார். யாரைக் கேட்பது என்று யோசித்துக்கொண்டே சாப்பாட்டு நேரம் முடிந்துபோனது. கடைசியில் மிதிமேல் ஒரு செங்கல்லை வைத்துப் பார்த்தார். அது ஒரு பக்கமாகச் சரிந்தது.

மாடியில் குடியிருந்தவள் பேக்கரியில் இரவு வேலை பார்ப்பவள், பகலில் தூங்குவாள். போன முறை சத்தம் தாங்காமல் ஜன்னலை அறைந்து சாத்தியவள். இந்த முறை முன்கூட்டியே சொல்லிவிடுவோம் என்று படியேறிப் போனார். நாலு வருடத்தில் அந்தக் கதவை அவர் தட்டியது அதுவே முதல் தடவை.

"ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குக் கொஞ்சம் சத்தம் வரும்மா. இருபது நிமிஷம்."

"போன தடவையும் கொஞ்சம்னுதான் சொல்லியிருப்பீங்க, சொல்லியிருந்தா." அவள் கையில் இன்னும் மாவு ஒட்டியிருந்தது. "நடுவுல நிறுத்த முடியாதா?"

"நிறுத்தக் கூடாது. அதான் போன தடவை கெட்டுப்போச்சு. ஒருத்தர் மிதியைப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும். ஆள் கிடைக்கல. செங்கல் வைக்கலாம்னு..."

"செங்கல்லா?" அவள் சிரிக்கவில்லை. "நான் வந்து மிதிக்கிறேன். எப்படியும் தூங்க விடப்போறதில்ல."

ஞாயிற்றுக்கிழமை, வாங்கிப் பொருத்திய இன்னொரு புதுக் கேமின் மேடுகளில் உரசல் தாங்கும் பசை தடவி, எண்ணெயில் ஜிங்க் பாட்டிலை ஒரு சொட்டு விடாமல் கவிழ்த்து, பானட்டையும் கழற்றி எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தார். அவள் வேலை உடுப்போடே வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். இன்ஜின் உறுமிப் பிடித்தது. சுற்று காட்டும் முள் இரண்டாயிரத்துக்கு மேல் ஏறியது. ஷெட்டின் தகரமெல்லாம் அதிர்ந்தது. பேச வழியில்லை. அவர் இரண்டு விரலைத் தூக்கினால் அவள் கொஞ்சம் ஏற்றினாள், கையைத் தாழ்த்தினால் குறைத்தாள். இரண்டாயிரத்துக்குக் கீழே மட்டும் விடவில்லை.

பன்னிரண்டாவது நிமிடம் அதே ஹோஸ் மறுபடி ஒழுகியது. கொதிநீர் அவர் மணிக்கட்டில் தெறித்தது. அவர் நிமிர்ந்து கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். அவள் பார்வை முள்ளின்மேலேயே இருந்தது, கால் அசையவில்லை. அவர் குனிந்து ஸ்க்ரூடிரைவரால் வளையத்தை இறுக்கினார். ஒழுகல் நின்றது.

இருபது ஆனதும் கையால் சைகை காட்டினார். அவள் சாவியைத் திருப்பினாள். காதுக்குள் ஒரு பள்ளம் விழுந்ததுபோல் இருந்தது.

"கால் மரத்துப்போச்சு," என்று இறங்கினாள். "மணிக்கட்டு செவந்திருக்கே, தண்ணியில காட்டுங்க."

"டீ போடட்டுமா?"

"வேணாம் சார். கண்ணு சொருகுது. தூங்கணும்."

அவள் படியேறும் சத்தத்தைக் கடைசிப் படிவரை கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு எண்ணெயை வடித்துக் காந்தத்தை விட்டுப் பார்த்தார். மையைப்போல மெல்லிய சாம்பல் நிறக் குழம்பு மட்டும்தான் ஒட்டியது. இரும்புத் துகள் ஒன்றுகூட இல்லை. கேம் பிழைத்துவிட்டது. அதைச் சொல்ல அந்நேரம் ஷெட்டில் ஒருவரும் இல்லை.

சாயங்காலம் மனைவி போனில் கூப்பிட்டாள். பின்னால் பேத்தி எதற்கோ அழுதுகொண்டிருந்தாள்.

"சாப்டீங்களா?"

"ஆச்சு. வண்டி ஓடுது."

"எந்த வண்டி?"

"நம்ம வண்டிதான்." பிறகு மூன்று வருடமாகக் கேட்காததைக் கேட்டார். "நீ எப்ப வருவ?"

அந்தப் பக்கம் மனைவி பேத்தியைத் தூக்கிச் சமாதானப்படுத்தினாள்.

"இத்தனை நாள் நீங்க கேக்கவே இல்லையே," என்றாள் மனைவி. "நீங்க உங்க பாட்டுக்கு நல்லா இருக்கீங்கன்னு நெனச்சேன். இப்ப இவளை ஸ்கூல்ல சேர்த்தாச்சு. கொண்டுபோய் விட நான்தான். இந்த வருஷம் முடியாதுங்க."

"சரி."

"கோவமா?"

"இல்ல. கேக்கணும்னு தோணுச்சு, கேட்டேன்."

மறுநாள் புது எண்ணெய் ஊற்றினார். முதல் எண்ணூறு கிலோமீட்டர் ஒரே வேகத்தில் போகாமல் ஏற்றி இறக்கி ஓட்டச் சொல்லியிருந்தார் லேத்துக்காரர். அடுத்த ஞாயிறு காலையில் கிளம்பினார். போக வேண்டிய இடம் என்று எதுவும் இல்லை. நாற்பது கிலோமீட்டர் போய், ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக நிறுத்தி, இன்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். சீராக இருந்தது. வண்டியைத் திருப்பி, வந்த வழியே வீட்டுக்கு ஓட்டினார்.