குதிரையின் முதற்பார்வை

பொதிகையின் முடியில் முகில் கலையாமலும், பொருநையின் நீர்மேற் பனி விலகாமலும், விளைந்து தலைசாய்ந்த நெல்லின் மணம் சேரன்மகாதேவித் தெருக்களிற் பரவியும் இருந்த, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாம் ஆண்டுப் பங்குனி மாதத்து வைகறையை, கற்றறிந்தவரே, சற்றே மனத்திற் கொள்க. அவ்வேளையில் முதற் புகைவண்டியினின்றும் இறங்கினான் பாளையங்கோட்டைக் கல்லூரி மாணவன் கிருபைராஜ். உடன் அவன் தோழன் சாலமோன்.

இன்று வாழும் கலைஞர் ஒருவரைக் கண்டு, அவர் கலையின் ஊற்று யாது, கடந்த வழி யாது என வினவிவந்து தமிழ்க் கழகத்தில் உரைக்க வேண்டும் என்பது ஆசிரியர் கட்டளை. அவர்கள் தேர்ந்தது உலகநாத ஆசாரியை; முப்பது அகவைக்குள் நெல்லைச் சீமையெங்கும் பேர்வாங்கிய ஓவியர் அவர். கேள்விகளை நெட்டுருப் போட்டிருந்தும் கிருபைராஜ் வழியெல்லாம் அவற்றையே முணுமுணுத்து வந்தான். வாய் தவறினால் கழகமே சிரிக்குமே!

ஆசாரியின் கொட்டகையுள், கோயில் விழாவில் இறைவன் உலாப் போகும் மரக்குதிரை நின்றது. ஆசாரி அதன் முகத்தருகே பக்கவாட்டிற் குந்தி, வலக்கண்ணின் கருமணியை எழுதிக்கொண்டிருந்தார். கோயிலார் அத்தனை பேரும் குதிரையின் பின்னே வாய்பொத்தி நின்றனர்; எதிரே நிறுத்திய கண்ணாடியன்றி ஒருவருமில்லை. அவ்வெறுமையின் பொருள், திருச்சபைப் பள்ளியில் வளர்ந்த பிள்ளைக்கு எங்ஙனம் தெரியும்? மதிக்கத்தக்கவரிடம் முதுகுப்புறம் நின்று பேசுவது பண்பன்று எனப் பாடம் கேட்டவனல்லவா? பைய நடந்து, குதிரை முகத்துக்கு நேரெதிரே போய்க் கைகூப்பினான்.

“அண்ணாச்சி, இதுவரைக்கும் எழுதுனதுல எது ஒசத்தின்னு நீங்க நினைக்கிய?”

அக்கணமே கருமணி நிறைந்தது.

“அடப் பாவி, தள்ளுலே!” என்று அலறினார் கோயில் மணியக்காரர். “கண் தொறந்தா மொதப் பார்வை கண்ணாடியிலல்லா விழணும்! மனுசன்மேல விழுந்தா ஆளையே கொண்டுபோயிருமே!”

கிருபைராஜ் சிரிக்க முயன்றான், முடியவில்லை. அவன் நம்பாதவன்தான். ஆயினும் புதுக் கண் அவனையே உறுத்து நோக்கியது. சாலமோன் கையைப் பற்றி இழுத்தும் கால் எழவில்லை.

ஆசாரி உளியை எடுத்தார். “கண்ணைச் சுரண்டிட்டா பார்வை அழிஞ்சிரும்.”

“நல்ல நேரம் முடியப்போகுது, வே!” என்று சீறினார் மணியக்காரர். “சுரண்டினா விழாவுக்குக் குதிரை கிடையாது. பொறவு கோயில் வேலைன்னு நீரு இந்தப் பக்கமே வராண்டாம்!”

“வேண்டாம் அண்ணாச்சி! நான் இதெல்லாம் நம்பல்ல,” என்றான் கிருபைராஜ். குரல்தான் அவனைக் காட்டிக்கொடுத்தது.

“நீரு நம்பாட்டா என்ன தம்பி? நான் நம்புதேனே!”

உளி இறங்கியது. கருமணி தூளாய் உதிர்ந்தது. கோயிலார் ஏசிக்கொண்டே வெளியேறினர். தலைகுனிந்து வாயிலை அடைந்த மாணவனை ஆசாரி அழைத்தார்.

“கேட்டதுக்குப் பதில் வாங்காமப் போறீரே! ஒசத்தி எதுன்னு கேட்டீருல்லா?” தரையிற் கிடந்த கருந்தூளைக் காட்டினார். “அதுதான்.”

அவ்வாண்டு இறைவன் பல்லக்கிலே உலாப் போந்தார். ஆசாரியை அக்கோயில் பின்னர் அழைக்கவேயில்லை. கிருபைராஜ் நோய்நொடியின்றி நெடுங்காலம் வாழ்ந்தான். கண்ணைச் சுரண்டாவிடினும் வாழ்ந்திருப்பான் என அறிவுடையோர் கூறலாம், கூறுக. அவன் மட்டும் ஒருநாளும் அங்ஙனம் கூறத் துணிந்ததில்லை.