குலுங்காத வண்டி

புது டர்போ வந்து சேர்ந்து எட்டு மாதமாகிவிட்டது. மெக்கானிக் பூபதி அதைப் பெட்டியோடு பட்டறை அலமாரியின் மேல் வைத்திருந்தான். குழந்தைசாமி அதை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வாசலில் நின்ற தன் ஜீப்பைப் பார்த்தார். இரண்டுமே வேறு யாருடையவையோ போலிருந்தன.

"இன்னிக்கே மாட்டிரலாங்ண்ணா. பிக்கப் அள்ளிரும். மலையேறறப்ப உங்கள ஒருத்தன் புடிக்க முடியாது," என்றான் பூபதி.

"அது வேண்டாம், திருப்பி அனுப்பிரு. வண்டி குலுங்கக் கூடாது. அத மட்டும் பாரு."

குழந்தைசாமிக்கு மலைமேல் வாழவந்தி நாட்டில் மிளகும் மரவள்ளியும் இருந்தன. அருவி பார்க்க வருகிறவர்களுக்கு ஜீப்பும் ஓட்டுவார். வண்டி இழுக்கவில்லை என்று ஒரு வருடமாகப் புலம்பித் திரிந்தவர், டர்போவுக்குச் சொல்லிவிட்டு வரச் சேந்தமங்கலம் இறங்கியிருந்தார். அந்தப் பகலில்தான், அவரைக் காணோமென்று மனைவி பூங்குழலி தானே ஏணியைச் சாய்த்து மிளகு பறிக்க ஏறினாள். ஏணி சறுக்கியது. முதுகெலும்பில் ஆபரேஷன்.

அப்புறம் வியாழன்தோறும் நாமக்கல்லில் பிசியோதெரபி. எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும், திரும்ப ஏற வேண்டும். பின்னால் மெத்தை போட்டுப் படுக்க வைத்துக் கூட்டிப்போவார். ஆரம்பத்தில் ஒவ்வொரு குழிக்கும் அவள் கத்தினாள். பிறகு துண்டு நுனியைக் கடித்துக்கொண்டாள். இப்போதெல்லாம் பின்னாலிருந்து சத்தமே வருவதில்லை.

அவரும் அழவில்லை. ஆஸ்பத்திரியிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. "மனுசன் கல்லாட்டம் நிக்கறாரு" என்று ஊரில் மெச்சினார்கள். பல் பிடுங்க ஊசி போட்ட தாடையைத் தடவிப் பார்ப்பதுபோல அவர் அவ்வப்போது தன்னையே தடவிப் பார்ப்பார். ஒன்றும் உறைக்காது.

பூபதி வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தான். "பின்னாடி ஸ்பிரிங்ல ஆறு பட்டை கெடக்குது, லோடு ஏத்தறதுக்குப் போட்டது. ரெண்ட உருவுனா மெத்துன்னு ஆயிரும். ஆனா ரொம்ப மெத்துன்னு ஆனா வளைவுல வண்டி சாயுங்ண்ணா. படுத்திருக்கற அக்கா உருளுவாங்க. நல்ல ஷாக் அப்சர்வரா நாலும் மாத்தி, நடுவாந்தரமா நிறுத்தோணும்."

"நிறுத்து."

"சரியா நிக்குதான்னு எப்படித் தெரியும்? ஸ்டீரிங் புடிச்சவனுக்கு எல்லாம் நல்லாத்தான் இருக்கும்."

குழந்தைசாமி வண்டிக்குள் கிடந்த மெத்தையைப் பார்த்தார். "நான் படுத்துக்கறேன்."

வேலை முடிய இரண்டு நாளாயிற்று. காரவள்ளி அடிவாரத்தில், அவள் படுக்கிற மாதிரியே முழங்காலுக்கடியில் போர்வையை மடித்து வைத்துக்கொண்டு மல்லாந்தார். பூபதி வண்டியை எடுத்தான்.

அங்கிருந்து ரோடு தெரியவில்லை. கண்ணாடியின் மேல்விளிம்பில் வானமும் மர நுனிகளும் மட்டும் சுழன்றன. வளைவு வருவது, உடம்பு ஒரு பக்கமாகத் தள்ளப்பட்ட பிறகே தெரிந்தது. முன்னால் உட்கார்ந்தவருக்குக் குழி கண்ணுக்குத் தெரியும். கை தானாக இறுகிக்கொள்ளும். அவளுக்கு அது எதுவும் இருந்ததில்லை.

"எப்படிங்ண்ணா?"

"இடது பக்கம் தூக்கிப் போடுது."

நிறுத்தி, அடியில் புகுந்து, மறுபடி ஓட்டினான். பத்தாவது வளைவு வரை நான்கு முறை ஏறி இறங்கினார்கள். நான்காவது முறை வண்டி சீராக ஓடியது. ஆனால் இடுப்புக்குக் கீழே ஏதோ அழுத்தியது. மெத்தையைத் தூக்கிப் பார்த்தார். தரைத் தகட்டிலிருந்து ஒரு போல்ட்டின் தலை கட்டைவிரல் அளவுக்குத் துருத்திக்கொண்டிருந்தது.

"பழைய சீட்டு மாட்டுன போல்ட்டுங்ண்ணா," என்றான் பூபதி.

"அறுத்துரு."

இப்போதாவது கண்ணீர் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. இரும்பு அறுபடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

வியாழக்கிழமை அவளைப் படுக்க வைத்து இறங்கினார். முப்பது வளைவு தாண்டியதும் அவள் கூப்பிட்டாள்.

"ஏனுங்க. வேற வண்டிங்களா?"

"அதே வண்டிதான். அடியில வேலை பாத்தேன். வலிக்குதா?"

"வலிக்குதுங்க. முன்ன மாதிரி இல்லீங்க."

அவர் அடுத்த வளைவைத் திருப்பி முடித்துவிட்டுக் கேட்டார். "மெத்தைக்கு அடியில ஒரு போல்ட்டு இருந்துச்சு. இத்தன நாளா குத்தியிருக்குமே. ஏன் சொல்லல?"

"போல்ட்டுன்னு தெரியலீங்க. என் முதுகுதான்னு நெனச்சுட்டேன்."

குழந்தைசாமி வண்டியை ஓரங்கட்டினார். நெஞ்சுக்குள் ஏதாவது உடையட்டும் என்று காத்திருந்தார். ஒன்றும் உடையவில்லை. பள்ளத்தில் யாரோ விறகு வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

மறுபடி கியரைப் போட்டார். அடுத்த வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், "வலது பக்கம் திரும்புது," என்று சத்தமாகச் சொன்னார்.

"ம்," என்றாள் அவள்.

"சின்னக் குழி ஒண்ணு வருது."

"ம்."

"இப்ப இடது பக்கம்."

அடிவாரம் வரை அப்படியே சொல்லிக்கொண்டு போனார்.