பச்சைத் தட்டி

1957-ல் என் வயிற்றின் வலது பக்கத்தில் ஒரு வலி வந்தது. சிறுமலையைச் சுருட்டி உள்ளே திணித்தால் எப்படி இருக்குமோ, அப்படி. நான் போட்ட அலறலில் பேகம்பூரின் குதிரைகள் மொத்தமும் வண்டியோடு மிரண்டு ஓடின. என் மனைவி பக்ருன்னிசாவைக் கேட்டால் ஒரே ஒரு குதிரைதான் என்பாள். அவளை நம்பாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். குடல்வால் வீங்கிவிட்டது, நாளைக் காலை அறுத்தாக வேண்டும், தாமதித்தால் உள்ளேயே வெடிக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் தோல் மண்டியில் தரம் பிரிக்கிறவன். கத்தி கீறிய தோல் முதல் தரத்தில் சேராது. அந்தக் கவலையே எனக்குப் போதும். போதாததற்குப் பக்கத்துக் கட்டிலில் மலைச்சாமி. சித்தையன்கோட்டை விவசாயி, தென்னையிலிருந்து விழுந்து வலது காலில் மாவுக்கட்டோடு கிடந்தார்.

"பாய், அந்தா மூலையில பச்சைத் துணி போட்டு ஒரு தட்டி நிக்குதுல்ல? அது எந்தக் கட்டிலைச் சுத்தி வருதோ, அந்த ஆளு திரும்ப வீடு போய்ச் சேர மாட்டான்."

"சும்மா இருங்கண்ணே."

"என் மாமனாருக்கு இதே வார்டுல நடந்துச்சு பாய். தட்டி வந்துச்சு, செத்த நேரந்தான், ஆளு போயிட்டாரு. சக்கரம் கீச்சு கீச்சுனு கத்திக்கிட்டே வரும். எமனோட எருமைகூட இம்புட்டுக் கத்தாது."

அதற்குப் பிறகு எனக்குக் குடல்வால் மறந்துபோயிற்று. கண் அந்த மூலையைவிட்டு நகரவில்லை. என் பல் அடித்த தந்தியைத் திண்டுக்கல் ஜங்ஷனில் இருந்தவர்கள் படித்திருக்கலாம்.

காலையில் கீச்சு என்றது.

அந்த வாரம்தான் வேலைக்கு வந்திருந்த புது நர்ஸ் சவரியம்மாள் தட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு கட்டிலையும் அது கடக்கக் கடக்க அங்கங்கே ஒரு பெருமூச்சு. என் கட்டிலுக்கும் மலைச்சாமி கட்டிலுக்கும் நடுவில் நிறுத்திவிட்டு அவர் வெந்நீர் எடுக்கப் போனார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான் மெதுவாகக் காலை நீட்டித் தட்டியை அவர் பக்கம் தள்ளினேன். அவர் மாவுக்கட்டுக் காலாலேயே திருப்பி உதைத்தார்.

"உங்களுக்குத்தான் பாய் வந்துருக்கு!"

"நீங்கதான்ணே வயசுல பெரியவரு!"

"பழனி முருகா, தட்டி பாயோட போகட்டும், மொட்டை போடுறேன்!"

வெந்நீரோடு சவரியம்மாள் வந்து நின்றார். "என்ன, ரெண்டு பேரும் தேரா இழுக்குறீங்க?"

நான் கட்டிலிலிருந்து குதித்து ஓடினேன். ஒரு ஃபர்லாங் ஓடியதாக நினைப்பு. விழுந்தது அடுத்த கட்டிலின் காலடியில். வலி மடித்துப் போட்டுவிட்டது. சவரியம்மாள் என்னைத் தூக்கி உட்கார வைத்து, காரணத்தைக் கேட்டு வாங்கினார். சிரிப்பார் என்று பார்த்தால் முகம் சிவந்துவிட்டது.

"முன்னாடி சாகக் கெடக்குறவங்களுக்கு மட்டுந்தான்யா தட்டி வச்சாங்க. மத்தவங்களை அம்புட்டுப் பேரும் பாக்க வேட்டியை அவுத்துத் தொடைச்சாங்க. மதுரையில மூணு வருசம் படிச்சிட்டு வந்துருக்கேன். உசுரோட இருக்குறவனுக்கு மானம் இல்லையா? இனிமே இந்த வார்டுல எல்லாருக்கும் தட்டிதான்!"

எல்லாருக்கும் என்றதும் வார்டு முழுக்க ஒரு முனகல் எழுந்தது. கடைசிக் கட்டிலில் ஒருவர் தன் தலையணையைச் சுருட்டிக் கிளம்பத் தயாரானார்.

"ஓடணும்னா ஓடுங்க பாய். கேட்டைத் தாண்டுறதுக்குள்ள குடல்வால் வெடிச்சிரும். கேட்டுக்கு வெளியிலயா, தட்டிக்கு உள்ளயா?"

"நீங்களும் உள்ள இருப்பீங்களா சிஸ்டரம்மா?"

"பின்ன? உங்க வயித்தைத் தொடைச்சு மருந்து போடுறது யாரு, மலைச்சாமியா?"

தட்டி என்னைச் சுற்றிக்கொண்டது. கட்டில் இரும்பை நான் பிடித்த பிடியில் அது வளைந்திருக்கும். தெரிந்த துவாவையெல்லாம் ஓதினேன். சவரியம்மாள் சோப்பு போட்டுத் துடைத்துக்கொண்டே, "சத்தமா ஓதுங்க, பயம் குறையும்" என்றார். குறையவில்லை. ஆனால் எனக்கு உயிர் இருந்தது. அதே நிலையில் என்னை அறுவைக்கு உருட்டிக்கொண்டு போனார்கள். மூக்கில் எதையோ வைத்தார்கள். அவ்வளவுதான் தெரியும்.

கண் விழித்தபோது நாலு பக்கமும் பச்சை. கை அசையவில்லை, நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆகிவிட்டது, மவுத்தாகிவிட்டேன் என்று முடிவு செய்தேன். மயக்கம் தெளிகிறவர்களுக்கும் தட்டி வைப்பார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

வெளியே மலைச்சாமியின் அழுகுரல் கேட்டது.

"தங்கமான மனுசன்யா. வாய்தான் கொஞ்சம் நீளம். அவரு சம்சாரம் வாங்கி வச்ச சிறுமலை வாழைப்பழத்தை இனி யாரு திம்பா?"

தொடர்ந்து, பழம் உரிக்கும் சத்தம்.

செத்தவனுக்கு வராத கோபம் எனக்கு வந்தது. "அண்ணே, அதைத் தொடாதீங்க!"

வெளியே 'ஐயோ' என்ற சத்தம், பிறகு தொப்பென்று ஒரு சத்தம், அதன் பிறகு மாவுக்கட்டு விரிசல்விடும் சத்தம். சவரியம்மாள் ஓடி வந்தார். என்னைச் சுற்றியிருந்த பச்சை விலகி வெளிச்சம் வந்தது. சக்கரம் கீச்சு கீச்சு என்று பக்கத்துக் கட்டிலுக்கு நகர்ந்தது.

உள்ளேயிருந்து மலைச்சாமி கதறினார்: "சிஸ்டரம்மா, எனக்கு மானமே வேணாம்மா!"