விமானந்தாங்கியும் ஊமைக்கோட்டானும்

என் மனைவியிடம் ஒரு விமானந்தாங்கிக் கப்பல் இருக்கிறது. கணினி விளையாட்டில்தான். எனக்கு ஒரு போர்க்கப்பல். பீரங்கி பெரிது, வேகம் கிடையாது. அவள் படுக்கையறையில் உட்கார்ந்து ஓட்டுவாள், நான் சமையலறை மேசையில். நடுவில் ஒரு சுவர். எங்கள் அணித் தலைவரை நேரில் பார்த்ததில்லை. ரொட்டி சுடுகிறவராம், பேசினால் அடுப்புக்குள்ளிருந்தே கத்துவது போல இருக்கும். நாங்கள் கணவன் மனைவி என்பது அவருக்குத் தெரியாது. அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

பழுதான வண்டிகளை இழுத்துவரும் கம்பெனியில் அவளுக்கு வேலை. எந்த லாரி எங்கே போக வேண்டும் என்று வயர்லெஸ்ஸில் சொல்வாள். நான் பல்செட் செய்கிறேன். போன வாரம் அவளுக்கு வேறு ஊர்க் கிளையில் பொறுப்பாளர் பதவி கொடுத்தார்கள். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

"நீ என்ன சொல்றே?" என்று கேட்டாள்.

"உன் இஷ்டம்" என்றேன். பெரிய மனசோடு சொன்னதாகத்தான் நினைப்பு.

மறுநாள் மறுபடி கேட்டாள். ஒரு தடவை சொன்னால் போதாதா என்று எனக்கு எரிச்சல், வாயே திறக்கவில்லை. அதோடு வீட்டில் பேச்சு நின்றது. தனியாகப் போய்விடுவாளோ என்று பயமாக இருந்தது. ஆனாலும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் திரிந்தேன்.

ஞாயிறு மதியம் போட்டி. விமானந்தாங்கி பின்னால் ஒதுங்கி நின்று விமானங்களை அனுப்ப வேண்டும். ஓட்டுகிறவர் விமானத்தோடு பறந்துகொண்டிருப்பார். கப்பல் சொன்ன திசையில் தன்பாட்டுக்குப் போகும். அந்த நேரத்தில் யாராவது அதன் கிட்டே வந்தால் கதை முடிந்தது. அதனால் சில விமானங்களைக் காவலுக்கு வைத்துக்கொள்வது வழக்கம்.

நான் யாரிடமும் சொல்லாமல் தீவுக்கு அந்தப் பக்கம் முறுக்கிக்கொண்டு போனேன். அங்கே எதிரிக் கப்பல்கள் மூன்று இருந்தன. அடி விழ ஆரம்பித்தது.

"போர்க்கப்பல், எங்க இருக்கே?" அவள் குரல் காதுக்குள்ளும் கேட்டது, சுவர் வழியாகவும் கேட்டது. நான் பேசவில்லை.

"போர்க்கப்பல், கேக்குதா?"

அதற்கும் பேசவில்லை.

சற்று நேரத்தில் அவளுடைய விமானங்கள் அத்தனையும் என் தலைக்கு மேல் வந்து நின்றன. காவலுக்கு வைத்ததையும் சேர்த்து அனுப்பியிருந்தாள்.

தலைவர் அலறினார். "அந்த மூலையில என்னம்மா இருக்கு?"

"ஒரு ஊமைக்கோட்டான் மாட்டிக்கிட்டிருக்கு" என்றாள்.

எதிரிகளில் இரண்டு பேர் மூழ்கினார்கள், ஒருவன் கம்பி நீட்டினான். நான் பிழைத்தேன். ஆளில்லாமல் நின்ற அவள் கப்பலை வேறு யாரோ வந்து முடித்துவிட்டார்கள். போட்டி கையை விட்டுப் போனது.

எழுந்து படுக்கையறைக்குப் போனேன். திரையில் விமானந்தாங்கியின் மூக்கு மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிந்தது. அவள் ஹெட்போனைக் கழுத்தில் இறக்கிவிட்டிருந்தாள். அதற்குள்ளிருந்து தலைவர் இன்னும் திட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் எதுக்கு எனக்கு அனுப்பினே?"

"ரெண்டு தடவை கூப்பிட்டும் பதில் வரலைன்னா டிரைவருக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு அர்த்தம். யாரையும் கேக்காம வண்டி அனுப்பிடணும். எங்க ஆபீஸ் வழக்கம். கை தானா பண்ணிடுச்சு."

"நான் கோபத்துல இருந்தேன்."

"எங்க டிரைவருங்க பதில் சொல்லிட்டுத்தான் கோபப்படுவாங்க."

திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "வீட்டுலயும் உன்னை ரெண்டு தடவை கேட்டேன். அதுக்கு அனுப்ப என்கிட்ட வண்டி இல்ல."

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நானும் வரேன்" என்றேன். "பல்லு எல்லா ஊர்லயும்தான் விழுது."

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா வாயிலிருந்து முத்து உதிர்ந்திருக்குமா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹெட்போனை மாட்டினாள்.

"தலைவரே, அடுத்த ஞாயிறு நாங்க ரெண்டு பேரும் வரமாட்டோம். வீடு பாக்கப் போறோம்."

அந்தப் பக்கம் திட்டு நின்றது.

"ரெண்டு பேருன்னா," என்றார் தலைவர், "இன்னொருத்தர் யாரும்மா?"

மைக்கை என் பக்கம் நீட்டினாள். முதல் தடவையிலேயே பதில் சொன்னேன்.