மூக்கில்லாத பெட்டி

நவம்பர் 19, புதன்.

திங்கட்கிழமை எழுதியதில் ஒரு சிறு தவறு இருக்கிறது. "இரண்டாம் கொட்டகையில் காற்று நன்றாக இருக்கிறது" என்று எழுதி, அதையே மயில்சாமி அண்ணாவிடமும் சொல்லிவிட்டேன். "தூசி குறைவாக இருக்கிறது" என்றுதான் எழுதியிருக்க வேண்டும். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

வரிசையாகவே எழுதுகிறேன், இல்லாவிட்டால் எனக்கே குழம்பிவிடும். நாமக்கல்லுக்கு வெளியே மயில்சாமி அண்ணாவின் முட்டைக்கோழிப் பண்ணையில் நான் கணக்கு எழுதுகிறேன். சாரலுக்குப் பயந்து கொட்டகையைச் சுற்றிப் படுதாவை இறக்கிக் கட்டியதிலிருந்து, இரண்டாம் கொட்டகையில் முட்டை எடுக்கும் பொன்னாத்தாள் அக்காவுக்குக் கண் எரிச்சல். "இந்த வாரத்தோட நின்னுக்கறேனுங்க. ஊட்டுக்குப் போயுங்கூட கண்ணத் தொறக்க முடியல" என்று சொல்லிவிட்டார். காற்றை வெளியே இழுக்கும் பெரிய ஃபேன் வைத்தால் தீரும். அண்ணா மாட்டேன் என்று சொல்லவில்லை. "காத்து கெட்டுப்போச்சுன்னு மிஷின் சொல்லோணும். சொன்னா வெச்சர்றேன்" என்றார். கடைக்காரர் இரண்டு கருவிகளை ஒரு வாரம் வைத்துப் பார்க்கக் கொடுத்தார். சாயங்காலம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகிறவள் என்பதால், எதை வாங்குவது என்று சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

ஒன்று வெள்ளைப் பெட்டி. தூசி, புகை குறைவாக இருந்தால் திரையில் பச்சை முகம் சிரிக்கும். கூடினால் சிவந்து சுளிக்கும். போனிலும் பார்க்கலாம். மற்றது செங்கல் மாதிரி ஒரு மஞ்சள் பெட்டி. எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியாவை மட்டும் பார்க்கும், அளவு மீறினால் கத்தும். திங்கட்கிழமை கொட்டகைக்குள் கொண்டுபோனதும் அது கத்திய கத்தலில் கோழிகள் மிரண்டு கூண்டில் முட்டிக்கொண்டன. அண்ணா ஓடி வந்தார். "ஏம்மிணி, அத அமத்து மொதல்ல! கோழி மெரண்டு முட்டை கொறஞ்சா, அந்தப் பொட்டியா முட்டை போடும்?"

பயத்தில் அணைத்துவிட்டேன். கத்துவதுதான் அதன் வேலை என்பது அப்போது தோன்றவில்லை. வெள்ளைப் பெட்டி பக்கத்தில் சமர்த்தாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

பொன்னாத்தாள் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி எட்டிப் பார்த்தார். "காத்து கருப்பு பாக்கற பொட்டியா சாமி?"

"இல்லீங்கக்கா. நாம மூச்சு வுடற காத்துங்க."

"அப்படியா? அது சிரிக்குது, நான் அழுவறேன். நல்ல சோடிதான்."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்துவிட்டுத்தான் அந்த வரியை எழுதினேன். அண்ணாவுக்குப் பரம திருப்தி. "பாத்தீங்களா, காத்து சுத்தம். வெள்ளையவே வாங்கிப்போடலாம்" என்றார். ஃபேன் பேச்சு அதோடு நின்றது.

நேற்றுச் சாயங்காலம் பண்ணையிலிருந்து நேராக வகுப்புக்குப் போனேன். உடை மாற்ற நேரமில்லை. பெருமைக்காக வெள்ளைப் பெட்டியைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன். பச்சை முகம் சிரித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிருத்திகா துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"உம்பட பொட்டி நல்லாத்தான்டி சிரிக்குது. அதுக்கு மூக்கில்ல, எனக்கு இருக்குதே!"

வெட்கமாக இருந்தது. ஆனால் பஸ்ஸில் வரும்போது அந்த வார்த்தை விடவில்லை. மழை ஈரத்தில் தூசி எங்கே எழும்பும்? அதனால் அது சிரித்திருக்கிறது. பொய் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. கேள்வியைத் தப்பாகக் கேட்டது நான்.

இன்று காலை அண்ணாவிடம் சொல்லப் போனேன். அவர் மேசையில் சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது. "அண்ணா, நான் தப்பாச் சொல்லிட்டனுங்க" என்று ஆரம்பித்து, எதையோ உளறி, கடைசியில், "ஒருக்கா கொட்டாய்க்குள்ள வாங்கண்ணா" என்று மட்டும் கேட்டேன். மஞ்சள் பெட்டி கத்தும் ஓட்டையின்மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தேன். விளக்கு மட்டும் மின்னும்.

உள்ளே போய் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் பிடித்தேன். வெள்ளை சிரித்தது. மஞ்சள் சிவப்பு விளக்கை அடித்து அடித்துக் காட்டியது. அண்ணா ஒன்றையும் மற்றொன்றையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் இருமினார். கண்ணாடியைக் கழற்றித் துண்டால் கண்ணை ஒற்றினார்.

முட்டைத் தட்டோடு வந்த பொன்னாத்தாள் அக்கா நின்றுவிட்டார். "ஏனுங்க, ஊட்டுல அக்கா ஏதாச்சும் சொல்லிப்போட்டாங்களா? காலங்காத்தால அழுவறீங்க?"

அண்ணாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து, இருமி, வெளியே போய் நின்றார். ஃபேன் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. "ஒரு நாளு காட்டறத வெச்சுச் சொல்ல முடியாது அம்மிணி. நாளைக்குக் கூண்டு உசரத்துல கட்டு. காத்தால, மத்தியானம், பொழுதோட, மூணு தடவை பாத்து எழுதி எடுத்துட்டு வா" என்றார். வெள்ளைப் பெட்டியைக் கையோடு கொண்டுபோனார்.

"நாளைக்கு வருவீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"வாரேன், வாரேன். அந்த மஞ்சப் பொட்டி என்ன சொல்லுதுன்னு பாக்கோணுமில்ல?"

மாலையில் கிளம்பும்போது அலுவலக ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெள்ளைப் பெட்டி சாம்பிராணிக் கிண்ணத்தின் பக்கத்தில் சிவந்த முகத்தோடு சுளித்துக்கொண்டிருந்தது. அண்ணா புகையைத் துண்டால் விசிறி விசிறி விரட்டிவிட்டு, அதன் முகத்தைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நாளை: கோழிகளுக்குத் தீவனம் வைப்பதற்கு முன்பே மஞ்சள் பெட்டியை இரண்டாம் கொட்டகையில் கூண்டு உயரத்தில் கட்ட வேண்டும். சணல் கயிறு எடுத்துப்போக வேண்டும். பிளாஸ்திரி நனைந்திருந்தால் மாற்ற வேண்டும்.