முட்டி போட்ட பஸ்

தொண்ணூற்றாறாம் வருஷம் மரிய அந்தோணிக்கு ஊர் திரும்ப டிக்கெட் போட்டாயிற்று. மகன் ஃபிரெடி கெட்டவனில்லை. சர்க்கரையில் இடது கால் போனபின் அப்பா பகலெல்லாம் அமெரிக்காவில், பிளசன்டன் வீட்டில் தனியாகக் கிடக்கிறார். நாகர்கோவிலில் என்றால் தூக்கி உட்காரவைக்க நாலு பேர் இருப்பார்கள் என்பது அவன் நினைப்பு. அந்தோணிக்கோ பேத்தியை விட்டுப் போக மனமில்லை.

"எனக்குத் தூக்க ஆள் வேணும்னு யார்லே சொன்னா?" என்றான் அந்தோணி.

"அப்பா, ஒரு இடத்துக்குத் தனியா போயிட்டு வந்து காட்டுங்க. டிக்கெட்டை கேன்சல் பண்றேன்."

"உன் ஆபீசுக்கே வாரேன்."

ஆபீஸ் பக்கத்து ஊரான சான் ரமோனில். ஃபிரெடி சிரித்துக்கொண்டே வேலைக்குக் காரை எடுத்தான்.

சாட்சிக்கு, அதே தெருவில் இருக்கும் சிநேகிதன் நான் போனேன். சக்கர நாற்காலியில் கை வைக்கமாட்டேன் என்று பைபிள் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டான் அந்தோணி. நான் முருக பக்தன். இருந்தாலும் எதற்கு வம்பு என்று கையைப் பையில் விட்டுக்கொண்டேன்.

தெருமுனைக்குத் தெருமுனை நடைபாதை சரிந்து ரோட்டோடு கலந்திருந்தது. வருஷக்கணக்காக அங்கே நடக்கிறவன் நான், கவனித்ததே இல்லை. அந்தோணி அதில் இறங்கிய வேகத்தில், பின்னால் வந்த போலீஸ் கார் முந்தப் பார்த்து, முடியாமல் ஓரங்கட்டிவிட்டது. பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

பஸ் வந்தது. பழக்கதோஷம், நான் ஓடத் தயாரானேன்.

"ஓடாதிரும்வே. அதுவே நிக்கும்."

நின்றது மட்டுமா! ஒரு பெருமூச்சு விட்டு, முன்பக்கமாகத் தரையை நோக்கித் தாழ்ந்தது. வேளாங்கண்ணியில் வேண்டுதல்காரர்கள் மாதா முன்னால் முட்டி போடுவார்களே, அப்படி. உள்ளேயிருந்து ஓர் இரும்புப் பலகை நீண்டு வந்து அவனை ஏற்றிக்கொண்டது. அந்தோணி சிலுவை போட்டுக்கொண்டான். பஸ் எழுந்திருக்க மறந்து, அடுத்த ஸ்டாப் வரை முட்டியாலேயே நகர்ந்தது.

கிளம்புமுன்பே தேர் போலிருந்த டிரைவரம்மா எழுந்து வந்து சக்கரங்களுக்கு பெல்ட் மாட்டியிருந்தாள். உள்ளே ஒருத்தரும் வாட்சைப் பார்க்கவில்லை. அந்தோணி அவளைக் கும்பிட்டான்.

"என்னை எதுக்குக் கும்பிடறீங்க? இது ஊனமுற்றவங்களுக்கான சட்டம். முந்தின பிரசிடென்ட் புஷ் தொண்ணூறில் கையெழுத்துப் போட்டது" என்றாள் இங்கிலீஷில்.

அந்தோணி என் பக்கம் திரும்பினான். "யாருவே, குவைத்துக்காகச் சண்டை போட்டாரே, அவரா?"

"அவரேதான்."

"சண்டையை ராப்பகலா டிவியில காட்டினான். இதை ஒருத்தனும் காட்டலையேவே!"

"அடுத்த எலெக்‌ஷன்ல தோத்தும் போனாரு."

"இதைச் செஞ்ச பிறகுமா?"

அப்புறம் அவன் ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு தெருமுனையாகப் பார்த்துக்கொண்டே வந்தான். வாஷிங்டனில் ஒருவர் பேனாவைத் திறந்திருக்கிறார். அவர் ஆயுசில் கண்டிராத இந்த மூலையெல்லாம், அவர் பதவி போன பிறகும், ஒற்றைக்கால் நாகர்கோவில்காரனுக்காகக் குனிந்து கொடுக்கின்றன. நான் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினேன். அலர்ஜி சீசன் வேறு.

ஆபீஸ் கதவு ஒரு பொத்தானுக்குத் திறந்தது. மூன்றாவது மாடியில் ஃபிரெடி காபிக் கோப்பையோடு திரும்பியவன், அப்பாவைப் பார்த்து அப்படியே நின்றான்.

"யாருப்பா தூக்கினா?"

"பிரசிடென்ட்" என்றான் அந்தோணி.

ஃபிரெடிக்குக் கண் கலங்கிவிட்டது. "இருங்கப்பா, நானே வீட்டுக்கு டிரைவ் பண்றேன்."

"போயிட்டு வந்து காட்டுன்னுதானே சொன்னே? பாதிதாம்லே முடிஞ்சிருக்கு. நீ போனை எடு."

ஃபிரெடி டிராவல் ஏஜென்டைக் கூப்பிட்டான். 'கேன்சல்' என்ற சொல் காதில் விழுந்ததும் நாற்காலி லிஃப்டை நோக்கிப் பறந்தது. இரண்டு காலோடு நான் பின்னாலேயே ஓடிப் பார்த்தேன். எங்கே பிடிக்க?